ஓவியர்: தெரியவில்லை

கண்காட்சியின் மூன்றாவது அறையில், தாம் வரைந்த படத்தின் முன் நின்று, அதன் கீழே ஒட்டியிருந்த விவரச்சீட்டை ரசீதம்மா நான்கு முறை படித்தார். 'வீடியோ கேம் பெட்டிக்கான மூலப்படம். ஹார்ட்போர்டில் வண்ணம். ஓவியர்: தெரியவில்லை.' நான்காவது முறை படித்த பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஏதும் இல்லை.

"தெரியலையாம்டா," என்றார் தம்பியிடம். "நாலு தெரு தள்ளிக் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கேன். தெரியலையாம்!"

பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவரான தம்பி, அக்காவின் கோப்புகள் நிறைந்த துணிப்பையைத் தரையில் இறக்கினார். "என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஆக்டோபஸ்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறானே, அவன் யாரு? நான்தான். அது என் மூக்கு."

உண்மைதான். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், வீட்டு வாளியில் முகத்துக்கு நேராக ஓர் ஓட்டை வெட்டி, அதைத் தலைக்கவசமாகத் தம்பியின் தலையில் கவிழ்த்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி வரைந்த முக்குளிப்பவன் அவன். அந்த வாளிக்காக அம்மாவிடம் கிடைத்த வசவு ஒன்றுதான் ரசீதம்மா ரசீதில்லாமல் பெற்றுக்கொண்டது.

ரசீதம்மா என்பது நிறுவனத்தில் விழுந்த பெயர். வீடியோ கேம் கேசட்டுகளைப் பெட்டியிலிட்டு விற்ற நிறுவனம் அது; பெட்டிகளுக்கு மேல்படம் வரைந்தவர் இவர். ஓவியம் கற்பிக்க அவருக்கு யாரும் இருந்ததில்லை. சோப்பு உறைகளையும் தீப்பெட்டிப் படங்களையும் உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டார். திரையில் அந்த முக்குளிப்பவன் ஐந்தே சதுரங்கள், ஆக்டோபஸ் ஒன்பது. அந்தப் பதினான்கு சதுரங்களைப் பார்த்துவிட்டு ஒரு முழுக் கடலை வரைய வேண்டும். மேலே மூன்றில் ஒரு பங்கை விளையாட்டின் பெயருக்காக விட்டுவைக்க வேண்டும். கையெழுத்துப் போடக் கூடாது.

"புள்ளைங்க கேமைத்தாம்மா வாங்குது, உங்க பேரை இல்ல," என்பார் கலைப்பிரிவு மேலாளர். "முன்பக்கம் எங்களோடது. பின்பக்கம் என்ன வேணா எழுதிக்குங்க."

ரசீதம்மாவும் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு படம் முடிந்ததும், தட்டில் மிஞ்சிய வெள்ளைச் சாயத்தைத் தடிமனான தூரிகையால் வழித்தெடுத்து, பலகையின் பின்புறம் தம் பெயரையும் படத்தின் எண்ணையும் பெரிதாக எழுதினார். மொத்தம் நாற்பத்து மூன்று படங்கள். ஒவ்வொன்றையும் ஒப்படைக்கும்போது, 'அச்சு முடிந்ததும் மூலப்படம் ஓவியரிடம் திருப்பித் தரப்படும்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கினார். வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. அலுவலகமே சிரித்தது. "ரசீதம்மா தும்மினாக்கூட ரெண்டு பிரதி எடுப்பாங்க," என்றது.

ஒரு படமும் திரும்பி வரவில்லை. அறுபத்தொரு கடிதங்கள் எழுதினார். அனைத்துக்கும் கார்பன் நகல் உண்டு. ஏழுக்குத்தான் பதில் வந்தது. நிறுவனம் மூடப்படுமுன் கிடங்குப் பொறுப்பாளர் எழுதிய கடைசிப் பதில்: 'தங்கள் நாற்பத்து மூன்று படங்களும் பத்திரமாக உள்ளன. கவலை வேண்டாம்.' அந்தக் கடிதத்தைத்தான் இத்தனை ஆண்டுகளாக அவர் நம்பினார்.

கண்காட்சிப் பொறுப்பாளர் தேடி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் பொறுமை.

"அம்மா, நீங்க சொல்றதை நான் மறுக்கல. ஆனா ஆதாரம் வேணும். இதோட நாலு பேரு வந்து, நான்தான் வரைஞ்சேன்னு சொல்லிட்டாங்க."

"அவங்க மூக்கு இதுல இருக்கா?" என்றார் தம்பி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டியபடி.

"மூக்கு ஆதாரமாகாது, சார்."

"நீ சும்மா இருடா." ரசீதம்மா பையிலிருந்து இருபத்தேழாம் எண் ரசீதை எடுத்து நீட்டினார். 'கடல், ஆக்டோபஸ், முக்குளிப்பவர்' என்று அதில் இருந்தது.

பொறுப்பாளர் இருமுறை படித்தார். "நீங்க இப்படி ஒரு படம் வரைஞ்சீங்கன்னு இது சொல்லுது. அது இந்தப் பலகைதான்னு சொல்லலையே."

"இறக்குங்க. பின்னாடி என் பேரு இருக்கு."

"பின்னாடி பேரு எதுவும் இல்லம்மா. ஒரு பழைய சரக்குப் பட்டியலைத்தான் ஒட்டியிருக்காங்க."

விஷயம் அப்போதுதான் வெளிவந்தது. நிறுவனத்தின் அலமாரியொன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கியவர், முதுகுப் பலகையைக் கழற்றியபோது, சுவரைப் பார்த்தபடி ஆக்டோபஸ் இருந்திருக்கிறது. ரசீதம்மா படத்தை நெருங்கிப் பார்த்தார். நான்கு மூலைகளிலும் ஆணித் துளைகள். ஓர் ஆணி முக்குளிப்பவனின் கால் வழியாக இறங்கியிருந்தது.

"என் கால்," என்றார் தம்பி. இம்முறை அவர் சிரிக்கவில்லை.

படத்தை இறக்கி மேசையில் கவிழ்த்தார்கள். பின்புறம் முழுவதும் பழுப்பேறிய தாள்.

"இதுக்கு அடியிலதான் இருக்கு. சுரண்டுங்க."

"அதெப்படிம்மா? இந்தத் தாளும் இப்ப ஒரு ஆவணம். கிழிக்கக் கூடாது."

வாழ்நாள் முழுவதும் ஒரு துண்டுத் தாளையும் கிழித்தறியாத பெண்ணிடம் அதைச் சொன்னார். ரசீதம்மா கோப்பிலிருந்து மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றை உருவினார். பென்சிலைக் கையில் எடுத்தார்.

"ஐயோ, படத்து மேல பென்சிலா?"

"என் தாள் மேல, சார்."

வெள்ளைத் தாளைப் பட்டியலின் மேல் விரித்து, நாணயத்தின் மேல் தேய்ப்பதுபோலப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். அன்று வழித்துப் பூசிய சாயத்தின் மேடு, ஒட்டிய தாளுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. முதலில் ஒரு கொம்பு. பிறகு ஒரு சுழி. பிறகு முழுப் பெயர். அதன் கீழே 27.

பொறுப்பாளர் ரசீதைப் பார்த்தார், தேய்த்த தாளைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. பேரைப் போட்டுடறோம்."

ரசீதம்மா உட்காரவில்லை. எந்தத் தாளையும் படிக்காமல் விட்டுப் பழக்கமில்லாத அவருடைய கண், பட்டியலின் பதினொன்றாம் வரியில் நின்றிருந்தது. 'பழைய படப்பலகை: 43. அலமாரிகளுக்கு அடித்தது: 9. இடமின்மையால் எரித்தது: 34.' கீழே எலிவால்போல் நீளும் கையெழுத்து. தேதி பன்னிரண்டு.

கோப்பைத் திறந்து, கிடங்குப் பொறுப்பாளரின் அந்தக் கடைசிப் பதிலை எடுத்துப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே எலிவால். அதே ஆண்டு, அதே மாதம். தேதி இருபத்து மூன்று.

"எரிச்சிட்டு எழுதியிருக்கான்," என்றார். குரல் எழும்பவில்லை; ஆனாலும் அடுத்த அறையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பதினோரு நாள் கழிச்சு, பத்திரமா இருக்குன்னு, கை நடுங்காம எழுதியிருக்கான். நான் அதுக்கு நன்றின்னு பதில் வேற போட்டேன். அதுக்கும் நகல் இருக்கு."

"அக்கா..."

"வௌவால் குகைப் படம் போயிருக்கும். ரயில் போயிருக்கும். கண்ணு வலிக்க வலிக்க மூணு வாரம் போட்டேனே அந்தப் பனிமலை, அதுவும் அடுப்புலதான் போயிருக்கும்." சாயத் தட்டை வழிப்பதுபோல் கட்டைவிரல் காற்றில் அசைந்து நின்றது. "திருடியிருந்தாக்கூட எங்கேயோ ஒரு சுவத்துல இருக்கும்னு நெனைச்சிருப்பேன்."

பொறுப்பாளர் தணிந்த குரலில் கேட்டார். "சீட்டுல உங்க பேரு எப்படி வரணும்னு சொல்லுங்கம்மா."

"பேரு மட்டும் போதாது. நாற்பத்து மூணு வரைஞ்சது, முப்பத்து நாலு எரிச்சது, தேதி, அப்புறம் இந்தப் பொய்க் கடிதம். எல்லாம் வரணும்."

"சீட்டு சின்னதும்மா. அவ்வளவுக்கு இடமில்ல..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்தது.

"இடமில்லன்னுதான் எரிச்சாங்க," என்றார் ரசீதம்மா.

பொறுப்பாளர் ஒரு முழுத் தாளை எடுத்து வைத்தார். ரசீதம்மா சொல்லச் சொல்ல எழுதினார். 'அழிந்துபோயின' என்று அவர் எழுதிய இடத்தை விரலால் தட்டி, "தானா அழியல. எரிச்சாங்க," என்று ரசீதம்மா திருத்தினார். 'முக்குளிப்பவர்: ஓவியரின் தம்பி' என்ற வரியை மட்டும் பொறுப்பாளர் கேட்காமலே சேர்த்தார். படத்தோடு பின்புறமும் தெரியும்படி அதை அறையின் நடுவில் நிறுத்துவதென்றும் முடிவாயிற்று.

"திருப்தியாம்மா?"

"இல்ல. இன்னும் எட்டு அலமாரி எங்கேயோ இருக்கு. இந்தப் படத்தை எனக்குத் திருப்பித் தரணும். அதுக்குத் தனியா கடிதம் வரும், அறுபத்திரண்டாவது." தாளை அவர் பக்கம் தள்ளினார். "இப்ப இதுல கையெழுத்துப் போடுங்க. தேதியும். ரெண்டு பிரதி."