கிழித்துப் பங்கிட்ட பாடநூல்

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பொருளாதாரப் பாடநூலை ஆளுக்கொன்று வாங்கத் தோழிகள் ஐந்து பேருக்கும் வசதியில்லை. ஒன்றை வாங்கி, அத்தியாயம் அத்தியாயமாகக் கிழித்து, மீஞ்சூர் ரயிலில் மாற்றிக்கொள்வோம். எங்களில் எண்ணூர்க்காரி காய்ச்சலில் படுத்ததால், அவளிடமிருந்த மூன்றாம் அத்தியாயத்தைப் படிக்காமலே தேர்வெழுதினோம்.

இப்போது நான் விரிவுரையாளர். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூலையே பாடமாக வைக்கலாம் என்று துறைக் கூட்டத்தில் சொன்னேன்.

"ஓசியில வர்றதுக்குத் தரம் இருக்குமாம்மா?" என்றார் துறைத்தலைவர்.

"படிச்சுப் பாத்தீங்களா சார்?"

"இல்லை."

"நான் முழுசா படிச்சேன். நல்லாத்தான் கீது."

என் 'கீது'வைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். நான் திருத்திக்கொள்ளவில்லை.

"தப்பு எங்க கீதுன்னு காட்டுங்க, விட்டுடறேன்."

யாரும் காட்டவில்லை. மறுநாளே வகுப்பில் அந்த நூலை நடத்தத் தொடங்கினேன். துறையின் அனுமதி இன்னும் வரவில்லை.