அருள்ராஜ் நெருக்கிப் போட்ட வரப்பு

"அவுக காலையில தவறிட்டாகண்ணே. சாப்புட்டு உக்காந்தவுகதான்" என்று அருள்ராஜின் மனைவி போனில் சொன்னபோது நான் வகுப்பில் இருந்தேன். மாணவர்களின் திரையில் ஒரு மோட்டாரின் காந்தப்புலம் நிறம் நிறமாக விரிந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தை முதன்முதலில் எனக்கு ஒழுங்காக வரவழைத்துக் கொடுத்தவன் அருள்ராஜ்தான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இருவரும் விரிவுரையாளர்கள். அவன் பரளச்சிக்காரன், மானாவாரி வெள்ளாமைக் குடும்பம், கணிதம் எடுத்தான். நான் மல்லாங்கிணற்றுக் கடைக்காரர் மகன், மின்பொறியியல். ஒரே வயது, தினமும் ஒரு சண்டை. "ஒனக்கு நிறுத்துப் போடத்தாம்லே தெரியும்" என்பான். "ஒனக்கு வானத்தப் பாக்கத்தான் தெரியும்" என்பேன்.

பம்பு மோட்டாருக்குள் காந்தப்புலம் எப்படிப் பரவுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவதுதான் என் எம்.இ. ஆய்வு. மோட்டாரின் குறுக்குவெட்டைச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் கணக்குப் போட வேண்டும். துல்லியம் வேண்டுமென்று நான் எல்லா இடத்திலும் முக்கோணங்களைக் கொட்டி வைத்திருந்தேன். ஒருமுறை ஓட்டி முடிக்கப் பத்து மணி நேரம். கல்லூரியில் இருந்ததோ ஒரே கம்ப்யூட்டர். மத்தியானம் தவறாமல் கரண்ட் போகும், ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிவிடுவார்கள். இரண்டு மாதமாக ஒரு விடையும் முழுசாக வந்ததில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மதுரையில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, பட்டமும் போச்சு. திங்கட்கிழமை அவனிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஏலே, எங்க காட்டுல சரிவான எடத்துலதான் வரப்ப நெருக்கிப் போடுவோம். மட்டத்துல ஒண்ணு போதும். நீ மட்டத்துலயும் அடிக்கு ஒண்ணு போட்டு வச்சிருக்க."

புலம் சட்டென்று மாறுவது சுழலும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள காற்று இடைவெளியில்தான். அங்கே மட்டும் முக்கோணங்களை நெருக்கினோம், மற்ற இடங்களில் அகலமாக்கினோம். மோட்டாரின் இரண்டு பாதிகளும் ஒன்றுபோல இருப்பதால் ஒரு பாதியை மட்டும் கணக்கிட்டோம். செவ்வாய்க்கிழமை கரண்ட் போவதற்கு முன்பே, மூன்று மணி நேரத்தில், முதல் விடை வந்தது. அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு வேண்டியது, வெவ்வேறு மின்னோட்டங்களுக்கு, ஒன்பது விடைகள். "அப்பக் கால்வாசி மோட்டாரே போதும்" என்று புதன்கிழமை இன்னும் குறைத்தான். நாற்பதே நிமிடம்! தாளை உருவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"எங்கலே போற?"

"மிச்சத்த ஓட்டிரு. நான் டைப்படிக்கச் சொல்லிட்டு வாரேன்."

"பாதி சொன்னதும் கால்வாசி சொல்றதும் ஒத்து வருதான்னு பாத்துட்டுப் போ."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒனக்கென்ன, போறது என் பதிவுதான?" என்று கத்தினேன். அவன் என் கையிலிருந்த தாளை வாங்கிச் செவ்வாய்க்கிழமைத் தாளின் பக்கத்தில் வைத்தான். ஒத்து வரவில்லை.

அந்த மோட்டாரில் நான்கு துருவங்கள், அடுத்தடுத்தவை எதிரெதிரானவை. பாதியாக வெட்டினால் வெட்டிய இரண்டு விளிம்பிலும் புலத்துக்கு ஒரே குறி. கால்வாசியாக வெட்டினால் ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். அவன் பழைய குறியை மாற்ற மறந்திருந்தான். "எந் தப்புதாம்லே" என்று அவனே முதலில் சிரித்தான். அந்தத் தாளோடு போயிருந்தால் ஒன்பது விடைகளும் பொய்யாகியிருக்கும்.

ஒரே ஒரு வரியைத் திருத்தினான். இந்தமுறை பாதியும் கால்வாசியும் ஒத்து வந்தன. வியாழன் சாயங்காலத்துக்குள் ஒன்பதும் முடிந்தன. வெள்ளிக்கிழமை மதுரை பஸ்ஸில் ஆய்வேடு என் மடியில் இருந்தது. தப்பான தாளையும் கடைசியில் சேர்க்க வேண்டும், தப்பு யாருடையது என்றும் போட வேண்டும் என்று அடம்பிடித்தான். போட்டேன். வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார்கள்.

என் பிரதியில் அந்த இரண்டு கால்வாசித் தாள்களுக்கும் கீழே அவன் கையெழுத்து இருக்கிறது. தப்பானதற்கு "நாற்பது நிமிடம்". சரியானதற்கும் "நாற்பது நிமிடம்".

போனை வைத்துவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பினேன். "சார், கால்வாசி மோட்டாரு முடிஞ்சிருச்சு. ரெண்டே நிமிசம்" என்றாள் ஒரு மாணவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாதியையும் ஓட்டிப் பாத்தியாம்மா?" என்று கேட்டேன். கேட்டது நானில்லை, அவன்.