மூடியைத் திறக்காதீங்கண்ணா

அன்று வேங்கிக்காலில் அந்தச் சின்ன மண் சோதனைக்கூடத்தில் இருந்தது மூன்று பேர்: என்னைவிடப் பத்து வயது இளைய என்ஜினியர் மேடம், பள்ளிக்கூடம் கட்டும் கான்ட்ராக்டர், எட்டாவதோடு படிப்பை விட்ட தினக்கூலி நான். எண்பதுகளின் தொடக்கம்.

கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பிச் சுவரையே பிளக்கும். அதைச் சோதிக்க, அளந்த தண்ணீரில் பிசைந்து, ஈரம் சீராகப் பரவ ஒரு நாள் டப்பாவில் மூடி வைக்க வேண்டும். சரியாக ஊறுகிறதோ இல்லையோ என்ற பயத்தில் நான் ஐந்து முறை திறந்து பார்த்துவிட்டேன். மறுநாள் மேடம் நிறுத்தபோது எடை குறைந்திருந்தது.

"மண்ணுதானே மேடம்! ரிசல்ட்டை எழுதிக் குடுங்க, நாளைக்குக் கடக்கால் தோண்டி அஸ்திவாரம் போடணும்" என்றார் கான்ட்ராக்டர்.

வேலை போய்விடும் என்று தெரிந்தும், "நான்தாங்க தொறந்தேன், ஈரம் போயிடுச்சு" என்றேன்.

"இந்த ஆளை வச்சிக்கினு ஆபீஸ் நடத்துறீங்களே!"

"அவர் சொல்லலன்னா தப்பா எழுதியிருப்பேங்க. சுவர் புள்ளைங்க மேலதான் விழும். நாளான்னைக்கு வாங்க" என்ற மேடம் என் பக்கம் திரும்பினார். "பயம் வந்தா மூடியைத் தொறக்காதீங்கண்ணா. டப்பாவோட சேத்து எடை போடுங்க. கம்மியாகலன்னா ஈரம் உள்ளதான் இருக்கு."

புதிதாகப் பிசைந்த மண்ணை மாலைக்குள் பதினோரு முறை நிறுத்தேன். முள் அதே கோட்டில் நின்றது. என் பயத்தைத் திட்டாத எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தின் கையில் ஒரு தராசைக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.