தையல் அறையில் அடித்த நெஞ்சு

லிஃப்ட் மெக்கானிக் பயந்தவராக இருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயமில்லாதவர் பொருத்திய லிஃப்டில் ஏறுவதைவிடப் படியேறிப் போவது உடம்புக்கு நல்லது. நம்முடைய ஆள் பயந்தாங்கொள்ளிகளுக்கெல்லாம் தலைவர். வடத்தைச் சோதிப்பார், கதவைச் சோதிப்பார், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடப் போகும்போது பேனாவை மூடிவிட்டு, "இன்னொருதரம் பாத்துடலாம்" என்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு இன்னொருதரம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். கேலிதான். ஆனாலும் தங்கள் பெண்டாட்டி பிள்ளைகள் ஏறி இறங்கும் லிஃப்ட் என்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் சப்ஊஃபர். பாட்டிலும் படத்திலும் வரும் அடிமட்டச் சத்தத்தை மட்டும் எழுப்புகிற கனத்த பெட்டி அது. மரவேலை தெரிந்த மச்சானைப் பிடித்து அப்படி இரண்டு செய்து ஹாலில் வைத்தார். வைத்தாரே தவிர, ஒன்று உறுமினால் மற்றது முனகியது. இரண்டையும் வழிக்குக் கொண்டுவர டி.எஸ்.பி. என்றொரு சின்னக் கருவி வேண்டும் என்றார் ஆடியோ கடைக்காரர். எந்தச் சத்தத்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எந்தப் பெட்டி எவ்வளவு தாமதித்துப் பேசுவது என்று கணக்குப் போட்டு அனுப்புவது அதன் வேலை.

கடைக்காரர் மூன்றை எடுத்து மேஜையில் வைத்தார். முதலாவது மூடிகூட இல்லாத வெறும் சர்க்யூட் பலகை. மலிவுதான், ஆனால் ஸ்விட்ச் போட்டதும் பெட்டியை 'டம்'மென்று ஒரு அடி அடிக்கும் என்று கேட்டதுமே நம்மவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூன்றாவது தானே அளந்து தானே சரிசெய்துகொள்ளும். அதற்காக மைக்கை வீட்டில் எட்டு இடத்தில் வைக்கச் சொல்லும். அதன் விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். நடுவில் இருந்ததுதான் கைக்கு எட்டியது. கூடவே வரும் மைக்கால் அளந்து, கம்ப்யூட்டரில் வரைபடம் பார்த்து நாமே திருத்திக்கொள்ளலாம். சப்ஊஃபர் தாங்காத அளவுக்குச் சத்தம் போகாமல் பார்த்துக்கொள்ள அதில் ஒரு தடுப்பும் இருந்தது. தடுப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எட்டு இடத்துல அளக்க வேணாமா?" என்றார் கடைக்காரர்.

"வீட்ல உக்காந்து கேக்கறவன் நான் ஒருத்தன். நாற்காலியும் ஒண்ணே ஒண்ணுதான்."

இருவரும் சிரித்தார்கள்.

வாழ்க்கையில் எதையும் இரண்டு தடவை பார்க்கிறவர், அந்த மைக்கை மட்டும் ஒரே இடத்தில் வைத்தார். ஹாலின் நடுவில், தன் நாற்காலியில், காது உயரத்தில். வரைபடத்தில் கோடு ஓரளவு நேராகத்தான் ஓடியது. ஓரிடத்தில் மட்டும், காதுக்கு எட்டுவதற்கு முன்பே உடம்பில் உறைக்கிற அந்த ஆழமான சத்தம் வரவேண்டிய இடத்தில், ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தைக் கண்டால் நிரப்பத்தானே தோன்றும்? அந்தச் சத்தத்தைக் கூட்டினார். பள்ளம் அசையவில்லை. இன்னும் கூட்டினார். கருவி விட்ட கடைசி அளவு வரைக்கும் ஏற்றிய பிறகு கோடு கொஞ்சம் மேலே வந்தது. அதில் ஒரு திருப்தி.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து நின்றாள். அவள் வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். ஹாலை அடுத்த சின்ன அறையில், மூலையில், சுவரை ஒட்டி அவளுடைய மெஷின்.

"என்னங்க, நெஞ்சுக்குள்ள என்னமோ தடதடங்குது."

அவருக்குக் கை கால் ஓடவில்லை. மாமனார் கடைசியாகச் சொன்ன வார்த்தையும் இதேதான். நெஞ்சுக்குள்ளே தடதடங்குது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், தண்ணீர் கொண்டு வருவதற்குள் போய்விட்டார். அப்போது தண்ணீர் கொண்டு வந்தவர் இவர்தான்.

"உக்காரும்மா. இல்ல, படுத்துக்கோ. இல்ல, இரு, ஆட்டோவக் கூப்பிடறேன்," என்று செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

"வேணாங்க. இப்ப இல்ல. உங்க பக்கத்துல வந்ததும் நின்னுடுச்சு."

அந்தப் பயத்திலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பாவம், மனுஷனுக்கு என்ன தெரியும்.

டாக்டரம்மா ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தது. எப்போதும் சாயங்காலம், எப்போதும் தைக்கும்போது. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வருவாள். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றதும் அடங்கிவிடும். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்ய நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்பினார் டாக்டரம்மா. அந்தப் பெட்டிக்குக் கரண்டால் ஏதாவது கெடுதல் வந்துவிடுமோ என்று பயந்து, நம்மவர் அன்றைக்கு ஹாலில் எதையும் போடவேயில்லை. அன்றைக்குப் பார்த்து நெஞ்சு சமர்த்தாக இருந்தது. "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நம்மவர் அதை நம்பவில்லை. டாக்டருக்கும் பிடிபடாத நோய் என்றால் அது என்ன நோயோ! வேலைக்குப் போனால் எல்லாவற்றையும் ஐந்து தடவை சோதித்தார். பகலில் மூன்று முறை வீட்டுக்கு ஃபோன் பண்ணி, அவள் ஹலோ சொன்னதும் ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவார். அவள் இருமினால் இவருக்கு வியர்க்கும். வீடு திரும்பினால், பயமில்லாமல் இருக்க முடிந்த இடம் அந்த நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்து அந்தப் பள்ளத்தையே நோண்டிக்கொண்டிருந்தார். பயம் கூடக் கூட அதிக நேரம் உட்கார்ந்தார்.

"கொஞ்ச நாளைக்குத் தைக்காதயேன்," என்று கெஞ்சிப் பார்த்தார்.

"கொஞ்சம் அவசர வேலை இருக்குங்க. முடிச்சுடறேன்."

இதற்கு நடுவில் அவளுக்கு இன்னொரு பிடிவாதம். அவருக்குப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுத்தே தீருவேன் என்றாள். ஊசியில் நூல் கோப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும். "நீ இருக்கும்போது எனக்கு எதுக்கும்மா இது?" என்றார். "தெரிஞ்சு வச்சுக்கிட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?" என்று பழைய துணியில் பத்துப் பொத்தானைத் தைக்க வைத்தாள்.

ஒரு நாள் அவள் காய்ந்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். இவர் ஹாலில் அந்தப் பள்ளத்துச் சத்தத்தை மட்டும் தனியாக ஓடவிட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் அது இருப்பதே தெரியாது. அவள் வந்து பார்க்கும்போது ஒரு பொத்தானாவது ஒழுங்காக இருந்தால் சந்தோஷப்படுவாளே என்று, ஊசி எடுக்கத் தையல் அறைக்குள் போனார். அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நெஞ்சுக்குள் தடதடவென்றது.

விலா எலும்புக்கு உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போல இருந்தது. கண் இருட்டியது. சரி, எனக்கும் வந்துவிட்டது, அவளுக்கு முன்னால் நான் போகப்போகிறேன் என்று நினைத்தார். அவள் துணியோடு இறங்கி வந்து தன்னைத் தரையில் பார்ப்பாளே! சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஹாலுக்குத் தடுமாறி வந்து நாற்காலியில் விழுந்தார்.

நின்றுவிட்டது.

பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் நின்றுவிட்டது.

பிறகு எழுந்து தையல் அறைக்குப் போனார். தடதடத்தது. ஹாலுக்கு வந்தார். நின்றது. மைக்கைக் கொண்டுபோய் அவள் ஸ்டூலில் வைத்து அளந்தார். நாற்காலியில் பள்ளமாக இருந்தது அங்கே மலையாக நின்றது. அந்தச் சத்தம் ஹால் நடுவில் தன்னைத்தானே அழித்துக்கொண்டு, மூலைகளில் போய்த் திரண்டு கொண்டிருந்திருக்கிறது. இவர் கூட்டியதெல்லாம் சுவர் தாண்டி, அவள் நெஞ்சில்தான் போய் விழுந்திருக்கிறது. மெஷின் ஓடுகிற இரைச்சலில் அவள் காதுக்கு என்ன கேட்கும்? இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பது அடுத்த பயம்.

சொன்னார். அவள் நம்பவில்லை. "டாக்டருக்குத் தெரியாதது உங்க பொட்டிக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்."

"ஒரு தடவை அந்த ஸ்டூல்ல உக்காரும்மா. நான் போட்டு நிறுத்திக் காட்டறேன்."

அவள் முகம் வெளுத்துப்போனது. "வேணாங்க. எனக்குப் பயமா இருக்கு." இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பயமெல்லாம் தன் குத்தகை என்று நினைத்திருந்தார் அவர். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினார். போட்டார்.

"வந்துடுச்சு!" என்று உள்ளேயிருந்து அலறல். நிறுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு உயிரே போய்விட்டது.

"என்னம்மா?"

"நின்னுடுச்சு," என்றாள். பிறகு, "இன்னொருதரம் போடுங்க."

போட்டார், நிறுத்தினார். இன்னொருதரம் என்றாள். சலிக்கச் சலிக்கக் கேட்டாள். கடைசியில் சத்தமே வராமல் போகவே இவர் எட்டிப் பார்த்தார். அளவெடுக்கும் டேப்பை வாயில் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் அந்த டேப்பை வீசி அடித்தாள். அடி சரியாகவே விழுந்தது.

"இனிமே அதைத் தொடவே மாட்டேன். நாளைக்கே வித்துடறேன்," என்றார். பொத்தானும் ஊசியுமாக ஓரமாகக் கிடந்த பழைய துணியைக் கையில் எடுத்தார். "சரி, இதுலேர்ந்தும் எனக்கு விடுதலை குடுத்துடேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். சீருடைத் துணிகளுக்குப் பின்னால், மடித்து அடுக்கிய புதுச் சட்டைகள் மேல்தட்டு வரை இருந்தன. ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். அவர் அளவு. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அவர் அளவுதான்.

"பத்து வருஷத்துக்குத் தாங்கும்னு பாத்தேன்," என்றாள். "பொத்தான்தான் தெறிச்சுப் போயிடும். அதுக்குத்தான் கத்துக்குடுத்தேன்."