அடுத்த அறைக் கணினி

மருதனார்மடச் சந்திக்கருகில் தன் வீட்டிலேயே கல்வெட்டு அச்சிட்டுக் கொடுப்பவர் அவர். இறந்தவரின் முப்பத்தோராம் நாளன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மௌஸைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் கையைச் சாரத்தில் துடைப்பார்.

கணினி திருத்தும் என்னை அவர் அழைத்தது தன் மனைவியின் கல்வெட்டுக்காக. படங்கள், அடுத்த அறையில் மனைவி தட்டச்சுச் செய்த கணினியில், இருவருக்கும் பொதுவான ஃபோல்டரில் இருந்தன. மனைவி இறந்த நாளிலிருந்து அந்த ஃபோல்டர் இவருடைய கணினியில் திறக்கவில்லை. வயர், கடவுச்சொல் என்று ஒரு மணி நேரம் மினக்கெட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில்தான் கேட்டேன், மடையன்.

“அண்ணை, அந்த அறைக் கொம்பியூட்டரைப் போட்டனீங்களோ?”

“அதை ஏன் தம்பி போடுவான்? நான் இதை மட்டும்தானே போடுறனான். ஃபோல்டர் தன்ரைபாட்டிலை திறக்கும்.”

“அது ஓடினாத்தான் இது திறக்கும், அண்ணை.”

போய்ப் போட்டேன், திறந்தது. அவர் கையைத் துடைத்தபடியே இருந்தார்.

“அவ எத்தினை மணிக்குப் போடுறவ எண்டு அதிலை கிடக்குமோ?”

கிடந்தது. நாள் தவறாமல், விடிய ஐந்து மணிக்குக் கிட்ட.

படங்களை அன்று அவர் பார்க்கவில்லை. “நான் ஏழுக்குத்தானே எழும்புறனான்” என்று மனைவியின் கணினித் திரையிடம் சொன்னார்.