மேனேஜர் பிடித்த தளப்பத்து

மீன் பிடிக்கத் தெரியாததால்தான் கஸ்பார், மீன் பிடிக்க ஆள் கூட்டிப்போகும் தொழிலுக்கு வந்தார் என்று கரையில் சொல்வார்கள். வாய்க்கொழுப்பு பிடித்த கரைதான். ஆனாலும் சொன்னதில் பொய் அதிகமில்லை. மற்ற வள்ளங்கள் கூடை நிறையக் கொண்டுவரும் நாளில்கூட, கஸ்பாரின் வள்ளம் கொஞ்சம் காரப்பொடி மீனோடு வந்து ஒதுங்கும். ஏன் என்று கேட்டால் ஒரு கதை சொல்வார். கதை நன்றாக இருக்கும். கடைசியில் அந்தக் கதைதான் அவருக்குச் சோறு போட்டது.

தூத்துக்குடிக்குப் புதுத்துறைமுகம் வந்த சமயம். வெளியூர் ஆபீசர்கள் ஊருக்குள் பெருகினார்கள். அவர்களில் சிலருக்குத் தூண்டில் பைத்தியம். வாடைக்காற்று அடங்கியதிலிருந்து கச்சான் காற்று கிளம்பும் வரை கடல் குளம் மாதிரி கிடக்கும். தீவோரம் தண்ணீர் வெதுவெதுவென்று, தரை தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கும். அந்த மாதங்களில் கஸ்பார் சார்மாரை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய், இரை கோத்துக் கொடுத்து, மீன் கடிக்காத நேரமெல்லாம் பேசுவார். மீன் கடிக்காத நேரம்தான் அதிகம். சார்மார் ஒருவரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

ஒரே ஒரு இடைஞ்சல். ஆபீசர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. இந்தக் கரையிலோ ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் தொழில் செய்யக் கூடாது. மீறினால் ஊர்க்கமிட்டி கூடும். கமிட்டி மனமிரங்கும் வரை அந்த வீட்டுக் கல்யாணம் எதற்கும் கோயிலில் ஓலை வாசிக்க மாட்டார்கள். கஸ்பார் நேரே கமிட்டித் தலைவர் ரோச்சிடம் போனார்.

"அண்ணாச்சி, நான் எங்க தொழில் செய்யுதேன்? மீன் பிடிக்கது சாரு. நான் தண்டு வலிக்கேன், அம்புட்டுத்தான். ஞாயித்துக்கிழமை ரிக்சாக்காரன் வண்டி ஓட்டலையா?"

ரோச் யோசித்தார். "சரி, பூசை பாத்துட்டுப் போ. ஆனா தூண்டிலத் தொட்டேன்னு தெரிஞ்சுது, பொறவு பேச்சே கிடையாது."

"மாதா ஆணையா தொட மாட்டேன் அண்ணாச்சி."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சார்மாரே இரை கோத்துக்கொண்டார்கள். முள் விரலில் ஏறினாலும் கஸ்பார் கையைக் கட்டிக்கொண்டு வாயால்தான் வைத்தியம் சொன்னார்.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தபோது மகள் பேபிக்கு மணப்பாட்டில் மாப்பிள்ளை முடிவானது. வருகிற ஞாயிறு பூசையில் முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று சாமியார் வாசிப்பார். அதற்கு முந்தின ஞாயிறு, "இந்த ஒரு வாரம் கடலுக்குப் போகாண்டாம்" என்றாள் மனைவி அந்தோணியம்மாள். நல்ல பேச்சைக் கேட்டால் அவர் கஸ்பாரா என்ன? உப்புக் கம்பெனி மேனேஜர் ரங்கராஜன் சாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று கிளம்பினார்.

ரங்கராஜன் சார் மீன் சாப்பிட மாட்டார், பிடிக்க மட்டும் ஆசை. சக்கரம் வைத்த வெளிநாட்டுத் தூண்டில் கம்பு ஒன்று வைத்திருந்தார். அன்று தீவு தாண்டியதும் அவருக்குக் குடலைப் புரட்டியது. கம்பை வள்ளத்தின் ஓரத்தில் செருகிவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுச் சுருண்டு படுத்தார். கஸ்பார் பாயைத் திருப்பிக் கரையைப் பார்த்து ஓட்டினார். தூண்டிலின் தங்கூசி நூல் இரையோடு பின்னால் இழுபட்டு வந்தது.

திடீரென்று கம்பு வில்லாக வளைந்தது. விட்டால் கடலுக்குள் போயிருக்கும். சாருடைய கம்பாயிற்றே என்றுதான் கஸ்பார் முதலில் எட்டிப் பிடித்தார். தூரத்தில் ஒரு தளப்பத்து, முதுகுச் சிறகைப் பாய் மாதிரி விரித்துக்கொண்டு, தண்ணீருக்கு மேலே எழும்பி விழுந்தது. ஆளை விட நீளம். அதோடு அவருக்கு மாதா ஆணை, கமிட்டி, பேபியின் ஓலை எல்லாம் மறந்துபோயிற்று. சக்கரத்தைச் சுற்றும் வித்தை அவருக்குத் தெரியாது. கம்பைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு நூலை வெறுங்கையில் பிடித்தார். மீன் ஓடினால் விட்டார், நின்றால் இழுத்தார். நூல் உள்ளங்கையை அறுத்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது மீனும் அவரும் களைத்திருந்தார்கள். மீனின் தலையில் ஒரு போடு போட்டு வள்ளத்துக்குள் சரித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அத்தனை சந்தோஷம். ஐம்பது வயதுக்கு மேல் கடல் அவரை மதித்திருந்தது.

அப்புறம்தான் கிழமை ஞாபகம் வந்தது.

மீனைத் திருப்பிக் கடலில் தள்ளிவிடலாம் என்று பார்த்தார். மனசு வரவில்லை. மேனேஜரை எழுப்பினார்.

"சார், எந்திரிங்க. எவ்வளவு பெரிய மீன் பிடிச்சிருக்கீங்க பாருங்க."

"நானா?"

"பின்ன யாரு? பிடிச்ச மயக்கத்துல சாஞ்சுட்டீங்க."

நல்ல மனுஷன், முதலில் நம்பவில்லை. தீவு தாண்டும்போது கை கொஞ்சம் வலிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். கரை தெரிந்தபோது அவரே கஸ்பாருக்கு அந்தச் சண்டையை விவரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கரை கூடிவிட்டது. மேனேஜர் சட்டையில் வாந்தி, வள்ளத்தில் தளப்பத்து. பக்கத்து வள்ளக்காரன் செபாஸ்டினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் கோயில் முற்றத்தில் கமிட்டி கூடியது. கஸ்பார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜரே வந்து, மீன் எப்படி ஓடியது, தான் சக்கரத்தை எப்படிச் சுற்றினார் என்று நடித்துக் காட்டினார்.

"எனக்கென்னமோ இவன்தான் இழுத்திருப்பான்னு படுது" என்றான் செபாஸ்டின்.

ரோச் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, யோசிச்சுப் பேசு. கஸ்பாரு என்னைக்குலே ஒரு கூடை உருப்படியா கொண்டாந்திருக்கான்? இவன் தளப்பத்து பிடிச்சான்னா கேக்கவன் சிரிக்க மாட்டானா?"

முற்றமே சிரித்தது. நான்தாம்லே பிடிச்சேன் என்று தொண்டை வரை வந்துவிட்டது கஸ்பாருக்கு. பெண்கள் வரிசையில் பேபி நின்றாள். வந்ததை விழுங்கிவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். கையைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வீட்டில் குழம்புச் சோற்றில் கை வைத்ததும் "ஸ்" என்றார். அந்தோணியம்மாள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்கதானா?"

தலையசைத்தார். அவள் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். "ஓலை வாசிச்சு, பிள்ளை தாலியும் ஏறட்டும். பொறவு ஊருக்கே சொல்லுங்க."

சொன்னார். பேபியை மணப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு, டீக்கடையில் நடந்ததை நடந்தபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னார். இதுவரை சொன்னதிலேயே பிரமாதமான கதை என்றார்கள். உள்ளங்கைத் தழும்பைக் காட்டினார். நங்கூரக் கயிறு அறுத்திருக்கும் என்றான் செபாஸ்டின்.

மேனேஜரும் மீனும் நிற்கிற போட்டோ ஆபீசர்கள் கிளப்பில் தொங்கியது. அதைப் பார்த்து அடுத்த சீசனில் சார்மார் வரிசை கட்டினார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான். தீவு தாண்டியதும் கஸ்பார் தண்டு வலிப்பதை நிறுத்துவார்.

"ரங்கராஜன் சார் தளப்பத்து பிடிச்ச இடம் அங்கனதான் சார்."

சொல்லும்போது விரலால் காட்ட மாட்டார். உள்ளங்கையை நன்றாக விரித்து, அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவார். சார்மார் கடலைப் பார்ப்பார்கள்.