ஆறரை அடிக் காத்தாடி

மேஸ்திரி அதைத் தோளில் சுமந்துகொண்டு கொட்டகைக்குள் வந்த காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோணியை விரித்துக் கீழே வைத்தார். பிறகு நடுத்துளையில் ஒரு கம்பியைச் செருகி, இரண்டு முக்காலிகளுக்கு நடுவே தொங்கவிட்டு, விரலால் மெல்லத் தள்ளினார். சுற்றி நின்றது. மறுபடி தள்ளினார். எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் அங்கேயே அசையாமல் நின்றது. இரண்டு இறக்கைகளும் எடையில் அவ்வளவு சமம். ஒட்டிய தேக்குப் பலகைகளின் விளிம்புகள் இறக்கை நெடுக வரிவரியாக ஓடின. நாங்கள் புரொப்பெல்லர் என்றோம். அவருக்கு அது காத்தாடி.

ஜவ்வாது மலையில், காவலூருக்குப் போகிற சாலையை ஒட்டி ஒருவர் பழைய இயந்திரங்களைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் முதலாளி. விமானங்கள் தோன்றிய காலத்து எஞ்சின் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதை வைத்து அந்தக் காலத்து விமானம் ஒன்றைச் செய்து, பறக்காவிட்டாலும் தரையில் ஓடவாவது விட வேண்டும் என்று ஆசைப்பட்டார். கணக்குப் போட என்னை அழைத்தார். நான் கண்ணமங்கலத்துக்காரன், பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மரவேலைக்குப் பக்கத்து மலைக்கிராமத்து மேஸ்திரி வந்தார். என் வயதுதான் அவருக்கும்.

எஞ்சினுக்குப் புரொப்பெல்லர் பொருத்துவது காலுக்குச் செருப்புப் பார்ப்பது மாதிரியான காரியமல்ல. வேகமாகச் சுற்றும் தண்டுக்குக் குட்டையான காத்தாடி வேண்டும், மெதுவாகச் சுற்றும் தண்டுக்கு நீளமானது. நீளம் அதிகமானால் எஞ்சின் திணறும். குறைந்தால் பிடிமானம் இல்லாமல் வெறுமனே அலறும், காற்றை இழுக்காது. எஞ்சினோடு வந்த குறிப்பேட்டில் நிமிடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சுற்று என்றிருந்தது. அதைக் கொண்டு கணக்கிட்டேன். ஆறரை அடி வந்தது. இறக்கையின் சாய்வு இடத்துக்கு இடம் மாற வேண்டும் என்பதால், ஒவ்வொரு சாணுக்கும் அந்த இடத்துச் சாய்வுக்கேற்ப ஓர் அட்டை வெட்டி அவரிடம் கொடுத்தேன்.

செதுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் ஒருமுறை வந்து கேட்டார்.

"சார், பின்னாடி கைப்பிடிய ரெண்டு சுத்து சுத்துனா, முன்னாடி காத்தாடி மாட்ற தண்டு ஒரு சுத்துதான் சுத்துது. அது இன்னா சார் அப்படி?"

நான் ஏதோ வரைபடத்தில் மூழ்கியிருந்தேன். "அதெல்லாம் கணக்குல வந்துடும் மேஸ்திரி. நீங்க கட்டைய மட்டும் பாருங்க" என்றேன்.

அவர் உடனே போகவில்லை. "பழைய படத்துல சக்கரத்துக் கால இவ்ளோ ஒசரமா வெச்சிக்கிறாங்க. காத்தாடிக்குக் கீழ எடம் சும்மா கெடக்குது. இன்னும் பெருசா ஒண்ணு இருந்திருக்கும்னு தோணுதுங்க" என்றார். நான் தலை நிமிரவில்லை. அவர் போய்விட்டார்.

ஓட்டிக் காட்டும் நாளில் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். பக்கத்தில் புதிதாக மாணவர் விடுதி கட்டிக்கொண்டிருந்த பெரியவரும் வந்திருந்தார். விடுதியின் கதவு, சன்னல் எல்லாம் மேஸ்திரிக்குத்தான் என்று பேசி முடித்திருந்தார்கள். எஞ்சின் பிடித்தது. கொஞ்சம் முடுக்கியதுமே கட்டுமீறி அலறத் தொடங்கியது. விமானம் நின்ற இடத்தைவிட்டு ஓரடி நகரவில்லை. "நிறுத்துங்க சார், நிறுத்துங்க!" என்று மேஸ்திரிதான் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

முதலாளி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யோசிக்கக்கூட இல்லை, வாயிலிருந்து வந்துவிட்டது: "செதுக்குனதுல சாய்வு தப்பிடுச்சு."

மேஸ்திரி பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் மறுத்துப் பேசவும் தயாராக இருந்தேன். அவர் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, காத்தாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வெளிநாட்டில் இத்தகைய புரொப்பெல்லர் செய்கிறவர்களுக்கு முதலாளி எழுதினார். பதில் என்னிடம்தான் வந்தது. இந்த எஞ்சினில் புரொப்பெல்லர் தண்டு எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுற்றும், ஆகவே ஒன்பதரை அடி வேண்டும் என்று இரண்டே வரியில் முடித்திருந்தார்கள். கொட்டகைக்குப் போய்க் கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றினேன். தண்டு ஒரு சுற்று சுற்றி நின்றது. என் அட்டைகளை எடுத்து மேஸ்திரியின் இறக்கைமீது ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஓரிடத்திலும் இடைவெளி இல்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். "அவங்க வேற அளவு சொல்றாங்க" என்று மட்டும் முதலாளியிடம் சொன்னேன். புதியது வந்தது, விமானம் ஓடியது, என்னைப் பாராட்டினார்கள். விடுதியின் கதவுகளை ஒடுகத்தூரிலிருந்து வந்த வேறு ஆட்கள் செய்தார்கள். மேஸ்திரி அளவு தப்புகிற ஆள் என்ற பேச்சு மலையில் பரவ அதிக நாள் பிடிக்கவில்லை. மேஸ்திரி கர்நாடகத்தில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகும் ஆறு வருடம் நான் வாய் திறக்கவில்லை.

அவர் ஊர் திரும்பியிருக்கிறார் என்று தெரிந்து போன மாதம் போனேன். சாமை அறுத்த கொல்லையில் மனைவியோடு கட்டு கட்டிக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்றார், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர்போல. வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கட்டை இறுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "சாய்வு சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார். அட்டைய மூணு தடவ வெச்சுப் பாத்துட்டுத்தான தூக்கினு வந்தேன். தெரிஞ்சவங்கிட்டயே வந்து சொல்றீங்களே."

அவர் மனைவி என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அன்னிக்கு அம்பது பேரு கேட்டாங்க. அவங்களுக்கு யாரு சொல்றது?"

விடுதிப் பெரியவர் இறந்துவிட்டார். முதலாளி எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். மற்றவர்களில் பாதிப்பேரின் முகம்கூட எனக்கு நினைவில் இல்லை. எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன் என்றேன். அவர் பேரைப் போடலாமா என்று கேட்டேன்.

"எம் பேரு எதுக்குங்க? தப்பு யாருதோ அவங்க பேரு இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டைக் கட்டக் குனிந்தார்.